வாங்கிய பழைய ஜெட் ஸ்கி தண்ணீரில் இழுக்கவில்லை: கோளாறை எந்த வரிசையில் தேடுவது?

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 1990களில் வந்த, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர் உள்ள டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி ஒன்றை இன்னொருவரிடம் வாங்கியிருக்கிறீர்கள். டிரெய்லரில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது, நன்றாக முறுக்குகிறது. தண்ணீரில் இறக்கினால் ஐந்து பத்து நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. அப்புறம் த்ராட்டிலை முழுக்க அழுத்தினாலும் 4500 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் மூச்சுத் திணறுகிறது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது ஒன்று கறுத்து ஈரமாக இருந்தது, மற்றது வெளிறி இருந்தது. விற்றவர் "கார்புரேட்டரை கிளீன் பண்ணினால் சரியாகிவிடும்" என்கிறார்.

அவர் சொல்வது பாதி உண்மையாக இருக்கலாம். ஆனாலும், கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து பார்க்கும்வரை இந்த வண்டியை மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள். என் பதிலில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குகளுக்கும் எண்ணெய் போய்ச் சேருவது உள்ளே வரும் பெட்ரோல் கலவையோடுதான். பிஸ்டனின் சூட்டைத் தணிப்பதிலும் அந்தக் கலவைக்குப் பெரிய பங்கு உண்டு. ஏதோ ஓர் அடைப்பால் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால், அதாவது கலவை லீன் ஆனால், சூடு ஏறும், மசகு குறையும், அலுமினிய பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரை உரசும். அதுவும் ஜெட் ஸ்கி முழு த்ராட்டிலில் நிமிடக்கணக்காக ஓடும் வண்டி. சாலையில் போகும் பைக்குக்கு வளைவிலும் நிறுத்தத்திலும் கிடைக்கும் ஓய்வு இதற்குக் கிடையாது. ஒரு சின்ன வலைச் சல்லடையில் இருக்கும் அழுக்கைக் கவனிக்காமல் இரண்டு மூன்று முறை "ஓட்டித்தான் பார்ப்போமே" என்று போனால், கோளாறு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் ஏறிவிடும். பிறகு புது பிஸ்டன் போட்டாலும், மூல அடைப்பு அப்படியே இருந்தால் அந்தப் புது பிஸ்டனும் அதே வழியில் போகும். பழைய ஜெட் ஸ்கி வாங்குகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். அதனால்தான் வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

டிரெய்லரில் நன்றாக முறுக்குகிறது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம். காற்றில் சுற்றும் இம்பெல்லர் (ஜெட் பம்புக்குள் நீரைப் பின்னால் தள்ளும் விசிறி) இன்ஜினுக்கு ஏறக்குறைய சுமையே தராது. பாதி கம்ப்ரஷன் போன இன்ஜின்கூட அங்கே சீறும். தண்ணீரைத் தள்ள வேண்டிய இடத்தில்தான் உண்மை தெரியும். டிரெய்லரில் ஓட்டும்போது ஒரு வரிசை உண்டு, அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதன் பிறகே இன்ஜினைக் குளிர்விக்க மாட்டிய ஹோஸின் தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடி, த்ராட்டிலை இரண்டு முறை லேசாகக் கொடுத்துப் புகைப்பெட்டியில் தேங்கிய நீரை வெளியேற்றிவிட்டு, சில விநாடிகளுக்குள் அணைக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது ஹோஸ் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால் அது எக்ஸாஸ்ட் வழியாக ஏறி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓட்டுவதென்றால் பதினைந்து இருபது விநாடிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் எக்ஸாஸ்ட் ரப்பர் குழாய்கள் கருகும், டிரைவ் ஷாஃப்ட் சீலும் கெடும்.

கோளாறு இன்ஜினிலா ஜெட் பம்பிலா என்பதைப் பிரித்துக்கொள்வது அடுத்தது. நீங்கள் ஆர்பிஎம் எண்ணைக் குறித்துவைத்தது நல்லதாயிற்று. இந்தத் தலைமுறை டூ ஸ்ட்ரோக்குகள் பெரும்பாலும் முழு த்ராட்டிலில் 6500 முதல் 7000 ஆர்பிஎம் வரை போகும். ஆர்பிஎம் அந்த அளவுக்கு ஏறியும் வேகம் வரவில்லை என்றால் இன்ஜினை விட்டுவிட்டுப் பின்பக்கம் போகலாம்: நுனி மடங்கிய இம்பெல்லர், தேய்ந்த வேர் ரிங் (wear ring, இம்பெல்லரைச் சுற்றியுள்ள வளையம்), உள்ளே சுற்றிக்கொண்ட கயிறு அல்லது பாசி, டிரைவ் ஷாஃப்ட் சீல் வழியாகக் காற்று இழுப்பது என்று பட்டியல் அங்கே வேறு. இம்பெல்லருக்கும் வேர் ரிங்குக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டரை எட்டினாலே இழுவை தெளிவாகக் குறையும். உங்கள் வண்டி 4500இலேயே நின்றுவிடுவதால் சந்தேகம் இன்ஜின் பக்கம்தான். எதற்கும் பம்புக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கையை உள்ளே விடுவதற்கு முன் சேஃப்டி லேன்யார்டை (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறு) கழற்றி, பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள்.

இனி பிளக்குகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெளிறல் என்பது நல்ல துப்பு, ஆனால் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் உண்டு. கறுத்து ஈரமான பக்கத்தில் தீப்பொறி பலவீனமாக இருக்கலாம், அதனால் பெட்ரோல் எரியாமல் தங்கியிருக்கலாம். இல்லையென்றால் அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரவைத் திறந்து மூடும் நீடில் வால்வு ஒழுங்காக மூடாமல் பெட்ரோலை அளவுக்கு மீறி விட்டுக்கொண்டிருக்கலாம். அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். வெளிறிய பக்கத்தில் முதல் சந்தேகம் லீன் கலவை. பீங்கான் நுனி சுண்ணாம்பு போல வெளுத்து, சின்னச் சின்ன அலுமினியத் துணுக்குகள் மிளகுப் பொடியாக ஒட்டியிருந்தால் பிஸ்டன் ஏற்கெனவே உருக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஆனால் பிளக் வெளுத்திருப்பதற்குப் பதிலாகக் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தால், ஹெட் கேஸ்கட் அல்லது ஓ-ரிங் வழியாக நீர் கசிந்து, அந்த நீராவி பிளக்கைச் சுத்தம் செய்திருக்கும். இந்த இரண்டுக்கும் வைத்தியமே வேறு, அதனால் பிளக்கை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கியால் பாருங்கள்.

சரி, கம்ப்ரஷனுக்கு வருவோம். பிளக் துளையில் மரையாக மாட்டும் கேஜ் வேண்டும். கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் நுனி கேஜை நம்ப முடியாது. பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எண் குறைவாகத்தான் வரும். முடிந்தால் இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டுச் செய்யுங்கள். சீட்டைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள், ஏனென்றால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வண்டியின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் வயர்களை அதற்கென்று உள்ள கிரவுண்டிங் முனைகளில் மாட்டுங்கள். வயரைச் சும்மா தொங்கவிட்டு செல்ஃப் அடித்தால் சிடிஐ யூனிட் (தீப்பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) எரிந்துபோக வாய்ப்பு உண்டு. பிளக் துளையிலிருந்து சீறி வரும் பெட்ரோல் புகைக்கு அந்தத் தீப்பொறி தீயும் வைத்துவிடும். த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, கேஜ் முள் மேலே ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் அடியுங்கள். ஆறு ஏழு சுற்று போதும். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே மாதிரி செய்து எண்ணை எழுதிவையுங்கள்.

பெரும்பாலான இன்ஜின்களுக்கு 120 முதல் 150 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை நல்ல அளவு. சில பெரிய இன்ஜின்கள் புதிதாக இருக்கும்போதே சற்றுக் குறைவாகக் காட்டும், உங்கள் மாடலுக்கு உரிய எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். தனித்தனி எண்களைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கேஜுக்குக் கேஜ் அளவு மாறும், ஆனால் ஒரே கேஜில் ஒரு சிலிண்டர் 135, இன்னொன்று 105 என்று காட்டினால் கேஜின் மேல் பழி போட முடியாது. 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஏதாவது ஒன்று 100க்குக் கீழே இருந்தாலோ, தேடலை அங்கேயே நிறுத்தி மேல்பாகத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். அந்த நிலையில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து பயனில்லை.

எண்கள் நன்றாக வந்தாலும் இன்னொரு பார்வை தேவை. லேசாக உரசிய பிஸ்டன்கூடச் சில சமயம் நல்ல கம்ப்ரஷன் காட்டும், குறிப்பாக உரசல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்து ரிங் இன்னும் உயிரோடு இருக்கும்போது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றினால் போர்ட் வழியாக பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்கலாம். பிளக் துளை வழியே நுழையும் சிறிய கேமரா இருந்தால் அதுவும் போதும். மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள், சிலிண்டர் சுவரில் அப்பிய அலுமினியம், ரிங் பள்ளத்தை மூடும் அளவுக்கு இழுபட்ட உலோகம், இவற்றில் எது தெரிந்தாலும் வண்டி ஏற்கெனவே பாதி சீஸ் ஆகி (பிஸ்டன் சிலிண்டரில் இறுகி) மீண்டிருக்கிறது. சில நிமிடம் ஓடிச் சூடானதும் இழுவை போகிறது என்ற உங்கள் புகாருக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

கம்ப்ரஷன் தேறிவிட்டால் தீப்பொறி. இது சீக்கிரம் முடியும் வேலை. உங்கள் காலத்து இரட்டை சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் ஒரே காயில் (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) தான் இரண்டு பிளக்குக்கும் மின்சாரம் கொடுக்கும். அப்படியிருந்தால், ஒரு பக்கம் மட்டும் தீப்பொறி பலவீனம் என்றால் காயிலையும் சிடிஐயையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் அந்தப் பக்கத்து வயரையும் பிளக் கேப்பையும் பாருங்கள். கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியில் பச்சை பூத்த பகுதியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் பல வண்டிகள் சரியாகிவிடும். இரண்டு பிளக்குகளையும் புதிதாக, கையேட்டில் சொன்ன அதே வகையில் போடுங்கள். சீ-டூ பிராண்டு ஜெட் ஸ்கிகளில் வரும் ரோட்டாக்ஸ் டூ ஸ்ட்ரோக் என்றால் பெரும்பாலும் என்ஜிகே பிஆர்8இஎஸ். புது பிளக்குகளோடும் அதே சிலிண்டர் கறுத்தால் பிளக்கின் மேல் தப்பில்லை என்பது உறுதியாகிவிடும். காயிலும் ஸ்டேட்டரும் (இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் சுருள்கள்) சூடானதும் செயலிழப்பது உண்டு, அதைக் குளிர்ந்த இன்ஜினில் சோதித்தால் கண்டுபிடிக்க முடியாது. கோளாறு வந்த உடனே, சூடு தணிவதற்குள், சீட்டைத் திறந்து ஆவி வெளியேற விட்ட பிறகு, இடைவெளி உள்ள ஸ்பார்க் டெஸ்டரால் பார்க்க வேண்டும். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போகாமலும் இருக்கட்டும். கிரவுண்ட் வயர் உப்புப் பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், நான் அதிகம் சந்தேகிப்பது பெட்ரோல் பாதையை. ஐட்லிங்கிலும் நிதான வேகத்திலும் இன்ஜினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவு. பாதி அடைத்த பாதைகூட அதைக் கொடுத்துவிடும். முழு த்ராட்டிலில் கேட்கும் அளவைத்தான் கொடுக்க முடியாது. அதனால்தான் ஓர் எல்லைக்கு மேல் ஆர்பிஎம் ஏற மறுக்கிறது. "முதல் சில நிமிடம் நன்றாக ஓடுகிறது" என்பதோ இன்னும் கூர்மையான துப்பு. டேங்கின் மூச்சுக்குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அது காற்றை உள்ளே விட வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும், பம்ப் இழுக்கத் திணறும். அடுத்த முறை கோளாறு வரும்போது டேங்க் மூடியைத் திறந்தால் காற்று "ஸ்ஸ்" என்று உள்ளே போகும், உடனே இழுவை திரும்பும். அப்படி நடந்தால் தேடல் முடிந்தது. இதைத் தெரிந்துகொள்ள வண்டியைத் தண்ணீரில் இறக்கக்கூடத் தேவையில்லை: மூச்சுக்குழாயைக் கழற்றி வாயால் ஊதியும் உறிஞ்சியும் பார்த்தால் வால்வு ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் அடைப்பது தெரியும். எது எந்தப் பக்கம் என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள், திருப்பி மாட்டினால் நீங்களே கோளாறை உண்டாக்கியதாகிவிடும்.

அடுத்து, ஆன், ஆஃப், ரிசர்வ் திருப்பும் செலக்டர் வால்வு. பழைய வண்டிகளில் இது உள்ளே துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும், அல்லது வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். ரிசர்வில் வைத்து ஓட்டினால் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்புறம் குழாய்கள். 1990களின் சீ-டூ வண்டிகளில் வந்த சாம்பல் நிற எரிபொருள் குழாய் உங்கள் வண்டியில் இன்னும் இருந்தால் யோசிக்காமல் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுக் கறுப்பு எரிபொருள் குழாய் போடுங்கள். அந்தச் சாம்பல் குழாயின் உட்சுவர் காலப்போக்கில் கரைந்து பச்சை நிறப் பசையாக மாறும். அது நேராகப் போய்ச் சேருவது கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்ன வலையில்.

அந்த வலைதான் நான் மேலே சொன்ன சல்லடை. மிகுனி சூப்பர் பிஎன் வகைக் கார்புரேட்டரில் பம்ப் மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு வலை தெரியும். வெளியிலிருக்கும் ஃபில்டரை மாற்றிவிட்டு "எல்லாம் மாற்றிவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் பலருக்கு இது இருப்பதே தெரியாது. வெளியே ஸ்ப்ரே அடித்துத் துடைப்பதும் சுத்தம் செய்வதாகாது. முழுக்கப் பிரித்து, ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகுகள்) கழற்றி, ஒவ்வொரு துளையிலும் காற்று தடையின்றிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். டயாஃப்ரம் (அழுத்தத்தால் அசையும் மெல்லிய சவ்வு), நீடில், சீட் எல்லாம் அடங்கிய கிட் போடும்போது கார்புரேட்டர் தயாரித்தவரின் அசல் கிட்டையே வாங்குங்கள். மலிவான கிட்டுகளில் டயாஃப்ரம் தடிமனாக, விறைப்பாக இருக்கும், நீடில் சரியாக மூடாது. மறுபடி முதலிலிருந்து அதே வேலை.

நீடில் வால்வைத் தனியாகச் சோதிக்க, கையால் இயக்கும் சிறு பம்ப் ஒன்றும் கேஜும் போதும். பெட்ரோல் வரும் வாயில் அழுத்தம் கொடுத்தால் குறிப்பிட்ட அளவில் படீரென்று திறக்க வேண்டும். அதற்குக் கீழே துளிக்கூட விடாமல் பிடித்து நிற்க வேண்டும். திறக்கும் அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். உங்கள் கறுத்த பிளக் பக்கத்துக் கார்புரேட்டர் இதில் தோற்றால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

இரட்டைக் கார்புரேட்டர் அமைப்புகள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் ஒரு கார்புரேட்டரில் மட்டும்தான் இருக்கும், அது மற்றதற்கும் சேர்த்துக் கொடுக்கும். அந்தப் பம்புக்கு மோட்டாரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கிராங்க் கேஸில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்த மாற்றம் ஒரு சிறு குழாய் வழியாக வந்து டயாஃப்ரத்தை அசைக்கிறது. இந்த பல்ஸ் குழாயில் நூலளவு விரிசல் விழுந்தாலும் இரட்டைக் கேடு: பம்ப் பலவீனமாகும், அதே விரிசல் வழியாகக் காற்றும் இன்ஜினுக்குள் போகும். கழற்றும் குழாய்களில் இதை மட்டும் புதிதாகவே மாட்டிவிடுங்கள்.

பெட்ரோல் பாதையைப் பிரித்துப் போடாமலே அதன் மேல் குற்றம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். தண்ணீரில் ஓட்டி, திணறல் வந்ததும் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள், ஒரு விநாடி போதும். இன்ஜின் சட்டென்று வேகம் எடுத்தால் பெட்ரோல் பற்றவில்லை, கலவை லீன். மேலும் மூச்சுத் திணறினால் ஏற்கெனவே ரிச்சாகத்தான் (பெட்ரோல் அதிகமாக) ஓடுகிறது, அல்லது கோளாறு தீப்பொறியில். லீன் என்று தெரிந்த நொடியே த்ராட்டிலை விட்டுவிட்டு நிதானமாகக் கரைக்குத் திரும்புங்கள். சோக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவது தீர்வாகாது. இதேபோல, டேங்கை முழுக்க ஒதுக்கிவைத்து, தனியாக ஒரு சிறிய, மூடியுள்ள எரிபொருள் கேனிலிருந்து கார்புரேட்டருக்குப் புதுக் குழாய் கொடுத்தும் பார்க்கலாம். கோளாறு மறைந்தால் டேங்க், மூச்சு வால்வு, செலக்டர், குழாய்களில் ஏதோ ஒன்று. மறையாவிட்டால் கார்புரேட்டர் அல்லது அதற்கு அப்பால். கேனில் ஊற்றும் பெட்ரோல் புதியதாக இருக்கட்டும், அதில் 50க்கு 1 என்ற அளவில் டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் கலந்துவிடுங்கள். எண்ணெய் பம்ப் வேலை செய்கிறதா என்று இன்னும் தெரியாத நிலையில் இது காப்பீடு. கொஞ்சம் புகை அதிகம் வரும், அவ்வளவுதான். எண்ணெய்க் குழாய்களில் காற்றுக் குமிழி நிற்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

வாங்கும்போது டேங்கில் கிடந்த பெட்ரோலை அப்படியே வைத்திருக்கிறீர்களா? வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நாள்பட நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரியும். கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தாலே கோடு தெரியும்.

கார்புரேட்டரைச் செய்தும் ஒரு சிலிண்டர் லீனாகவே ஓடினால், எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. பெரும்பாலும் கிராங்க் சீல் அல்லது அடி கேஸ்கட். இதற்கு கிராங்க் கேஸ் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும்: இன்டேக், எக்ஸாஸ்ட், பல்ஸ் வாய் மூன்றையும் அடைத்து, 6 முதல் 8 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றி, சில நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது. நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி எங்கே வருகிறது என்று தேடலாம். 10 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலையும் தள்ளிவிடும். பிஸ்டன் ஒருமுறை உருகிய இன்ஜினை மறுபடி கட்டுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஓட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆர்பிஎம் ஏறாமல் போக வேறு இரண்டு காரணங்கள் பெட்ரோல் கோளாறு போலவே தோன்றும். ஒன்று, எக்ஸாஸ்ட் கசிவு. கருகிய ரப்பர் குழாய் அல்லது தளர்ந்த கிளாம்ப் வழியாகப் புகை வண்டியின் உள்ளறையில் நிரம்பினால், இன்ஜின் அந்தப் புகையையே உறிஞ்சித் திணறும். அறை நிரம்பச் சில நிமிடம் ஆகும் என்பதால் உங்கள் அறிகுறியோடு இதுவும் பொருந்துகிறது. கோளாறு வந்ததும் நிறுத்தி, சீட்டைத் திறந்து உள்ளே காற்றாட விட்டு மறுபடி ஓட்டினால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். உள்பக்கம் கரி படிந்திருப்பதையும், புகைக் குழாய் அருகே ஈரத்தையும் தேடுங்கள். இன்னொன்று, உங்கள் மாடலில் எக்ஸாஸ்ட் பவர் வால்வு (வேகத்துக்கு ஏற்ப எக்ஸாஸ்ட் வாயைத் திறக்கும் வால்வு) இருந்தால், அது கரி பிடித்து மூடிய நிலையில் ஒட்டியிருப்பது. ரோட்டாக்ஸ் 787, 951 இன்ஜின்களில் இதை ரேவ் வால்வு என்பார்கள். கழற்றிக் கரியைத் துடைத்து, அதன் ரப்பர் பெல்லோஸ் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுவது எளிய வேலை. 717 போன்ற சிறிய இன்ஜின்களில் இது கிடையாது.

விற்றவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. வண்டி எப்போதாவது மூழ்கியதா, கவிழ்ந்ததா, இன்னொரு படகால் கட்டி இழுக்கப்பட்டதா? நிறுத்திய ஜெட் ஸ்கியை வேகமாக இழுத்தால் பம்ப் வழியே தண்ணீர் குளிர்விப்புக் குழாயில் ஏறி எக்ஸாஸ்டை நிரப்பி இன்ஜினுக்குள் இறங்கும். கவிழ்ந்த வண்டியை ஸ்டிக்கரில் காட்டிய திசைக்கு எதிராகப் புரட்டினாலும் அதே கதை. அப்படி நீர் புகுந்து, உடனே வெளியேற்றாமல் விட்டிருந்தால் கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கும், கம்ப்ரஷன் கேஜ் அதைக் காட்டாது. பிளக்குகள் இல்லாமல் கையால் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள், கரகரப்பாக இருந்தால் எச்சரிக்கை. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும் சந்தேகம் எழுந்தால் பிளக்குகளைக் கழற்றாமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

இதைப் படிக்கும் சிலரிடம் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி இருக்கலாம். 2002 வாக்கில் யமஹா, சீ-டூ, ஹோண்டா எல்லாரும் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்: பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர், அளவு கூடிப் பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் கசிவு. ஆர்பிஎம் திடீரென்று 3000த்தை ஒட்டி நின்றுவிட்டால் அது பெரும்பாலும் லிம்ப் மோட் (இன்ஜினைக் காக்க வண்டியின் கணினியே வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலை), அந்தக் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டைப் படித்தால் காரணம் தெரியும். சீ-டூ வாங்கியவர்கள், விற்றவர் கொடுத்தது வேகத்தைக் கட்டுப்படுத்தும் லேர்னிங் கீயா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தேடலாம். ஆரம்பகாலச் சூப்பர்சார்ஜர் மாடல் என்றால் அதில் செராமிக் வாஷர்கள் இருந்தனவா, மாற்றப்பட்டனவா என்று கேட்டே ஆக வேண்டும். அவை உடைந்து எண்ணெயில் கலந்தால் முழு இன்ஜினும் போகும்.

உங்கள் வண்டிக்குத் திரும்புகிறேன். எல்லாம் சரிசெய்த பிறகு முதல் ஓட்டத்தில் கார்புரேட்டர் ஸ்க்ரூக்களைக் கையேட்டில் சொன்ன சுற்றுகளில் வையுங்கள், சந்தேகம் என்றால் ஹை ஸ்பீடு ஸ்க்ரூவைக் கால் சுற்று ரிச் பக்கம். கரையை ஒட்டியே ஓட்டுங்கள். பத்து நிமிடம் பாதி த்ராட்டில், பிறகு முழு த்ராட்டில் சில விநாடிகள் மட்டும், உடனே லேன்யார்டை இழுத்து அணைத்து, ஆவி போக விட்டு, பிளக்குகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி காபிப்பொடி நிறத்துக்கு வந்தால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒன்று மட்டும் மறுபடி வெளுத்தால் அன்றைக்கு ஓட்டம் போதும், கிராங்க் கேஸ் அழுத்தச் சோதனைக்குப் போங்கள். கம்ப்ரஷன் எண்கள் இரண்டையும், மூச்சு வால்வு சோதனையில் என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்து எதைக் கழற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.